மூன்றாவது பெக்

பழவங்காடி பாரில் நேசையன் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகிறது. மூன்றாவது பெக் கேட்டவருக்கு ஊற்ற முடியாது என்று நின்றுவிட்டான்.

மேனேஜர் தாணுப்பிள்ளை ஓடி வந்தார். "காலையில பயிற்சியில என்ன சொன்னேன்? நாக்கு குழறினா, காலு தள்ளாடினா நிறுத்தணும். இவருக்கு ரெண்டும் இல்ல. பின்னே எந்தாடே, ஏன் ஊத்தல?"

"ஊத்த மாட்டேன் சாரே."

"சீட்டு கிழிஞ்சிரும்."

"கிழியட்டும்."

பெக் கேட்டவர் மீசையை நீவினார். "எடே, நான் ஆருன்னு தெரியுமா?"

"தெரியும். பொன்முடி மலைக்குப் போற கல்யாண வண்டி வாசல்ல நிக்குது. உள்ள இருக்க பிள்ளைகளுக்கு நான்தான் தண்ணி கொண்டு கொடுத்தேன். அப்போ டிரைவர் சீட்டுல இருந்து இறங்கி வந்தது நீருதான்."

தாணுப்பிள்ளை காலி கிளாசை நகர்த்திவிட்டு, அவரிடம் கையை நீட்டினார்.

"சாவியைத் தாரும்."