பன்னிரண்டாவது படம்

குளியலறைக் கதவை முழங்கையால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் ஈரம் சொட்டும் படச்சுருள்.

கொடியில் காயப்போடவில்லை. நேராகச் சன்னலுக்குப் போனாள்.

ஒரு சுருளில் பன்னிரண்டே படங்கள். பதினொன்றில் காட்டுப் பூவரசு. ஒரே மரம், ஒரே கிளை. காற்று நிற்கும்வரை காத்திருந்து எடுத்தவை. செக்கச்செவேலென்று இருந்த பூக்கள் நெகட்டிவில் சாம்பலாய்ப் பூத்திருந்தன.

பன்னிரண்டாவதில் அவன் இருந்தான்.

தணிகை. அவள் கணவன்.

நகத்தளவு உருவம். முதுகு மட்டும். வெள்ளைச் சட்டை நெகட்டிவில் கரிக்கட்டையாய்க் கறுத்திருந்தது.

அவன் காணாமல் போய் இது ஐந்தாம் நாள்.

கடைசியாக எடுத்த படம் ஏதாவது இருந்தால் வேண்டும் என்று நேற்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஃபிலிம், கழுவினால்தான் தெரியும் என்றாள். கழுவிக் கொடுங்கள் என்றார். விடுதியின் குளியலறையில், வெளிச்சம் புகாத துணிப்பைக்குள் கைவிட்டுத் தடவித் தடவிச் சுருளைக் கழுவும் டப்பாவில் ஏற்றியபோது அவள் விரல்கள் ஒருமுறைகூடத் தவறவில்லை. அது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அன்று காலை அவன் சொன்னான்:

"தண்ணி பிடிச்சிட்டு வந்துடறேன். நீ பாட்டுக்குக் குனிஞ்சே இரு. தலையத் தூக்கிடாத, பூ கோவிச்சுக்கும்."

அவள் தலையைத் தூக்கவில்லை. அவன் படத்துக்குள் நடந்து போனான். புல்வெளி முடிந்து சோலை இருளத் தொடங்கும் இடத்தில் ஒரு கணம் நின்றான். அழுத்தினாள். குனிந்தபடியே சுருளைச் சுற்றி வெளியே எடுத்து, புதியதைப் போட்டாள்.

நிமிர்ந்தபோது மூடுபனி இறங்கியிருந்தது.

அன்று மாலை அவள் நின்ற மேட்டுக்கு முதலில் ஓடி ஏறி வந்தவர் வன வாட்சர் வீரபுத்திரன். பின்னால் எட்டுப் பேர். மூச்சு வாங்கியபடியே கேட்டார்.

"ரெண்டு பக்கமும் ஓடை இருக்கு மேடம். எந்தப் பக்கம் எறங்குனாரு?"

"இடது பக்கம்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"என் கண்ணால பார்த்தேன்."

சுருளைச் சன்னல் வெளிச்சத்தில் மீண்டும் பிடித்தாள். விளிம்பில் இருந்த எண் நேராகத் தெரிந்தது. பன்னிரண்டு.

அவன் வலது ஓரத்தில் நின்றான்.

திருப்பினாள். அவன் இடது ஓரத்துக்கு வந்தான். எண் இடவலம் புரண்டுபோனது.

மறுபடி திருப்பினாள். எண் நேரானது. அவன் வலது ஓரத்துக்குப் போனான்.

அந்தக் கேமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும் துளை கிடையாது. மேலிருந்து குனிந்து, உள்ளங்கை அகலக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதில் மரம் நேராகத்தான் நிற்கும். ஆனால் இடம் வலமாகும், வலம் இடமாகும். பதினொரு வருடப் பழக்கம். பறவை இடப்பக்கம் நகர்ந்தால் கேமராவை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவள் கைக்குத் தெரியும். யோசித்ததே இல்லை.

கைக்குத் தெரிந்தது நாவுக்குத் தெரியவில்லை.

அவன் போனதை அவள் கண்ணால் பார்க்கவே இல்லை. கண்ணாடியில் பார்த்தாள்.

தேடத் தொடங்கிய முதல் நாள், வெளிச்சம் வடியும் நேரத்தில், தேடியவர்களில் ஒருவர் நின்று வலது சரிவைக் காட்டினார்.

"அங்கிட்டு ஏதோ சத்தம் கேக்குதுப்பா."

எல்லோரும் நின்றார்கள். காதைக் கொடுத்தார்கள்.

"அவர் அந்தப் பக்கம் போகல" என்றாள் அவள்.

கூட்டம் இடது பக்கம் இறங்கியது. இரவு மழை பிடித்துக்கொண்டது. மறுநாளும் விடவில்லை.

கதவு தட்டப்பட்டது.

வீரபுத்திரன். தொப்பி கையில் இருந்தது. முழங்கால்வரை சேறு.

"எடது சரிவு பூராவும் அலசியாச்சு மேடம். ஒரு பொதரு விடல. இன்னியோட நிறுத்திக்கச் சொல்லிட்டாங்க."

அவள் கையில் தொங்குவதை அப்போதுதான் கவனித்தார்.

"படம் வந்துருச்சா?"

இருவருக்கும் நடுவே அதைத் தூக்கிப் பிடித்தாள். சன்னல் அவளுக்குப் பின்னால் இருந்தது. அவர் மறுபக்கத்திலிருந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு, கடைசிப் படத்தைப் பார்த்தார்.

"எடது பக்கந்தான்" என்றார் மெல்ல. "நீங்க சரியாத்தான் சொல்லிருக்கீங்க. எங்க கண்ணுலதான் படல. மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க மேடம்."

இந்த ஐந்து நாளில் யாரும் அவளிடம் இவ்வளவு கனிவாகப் பேசியதில்லை.

ஒரு மூச்சு நேரம் படம் அப்படியே நின்றது. அடி நுனியில் ஒரு துளி திரண்டு, விழுந்தது.

பிறகு அதைத் திருப்பினாள்.

"இதுதான் நேர்ப்பக்கம்."

அவர் குனிந்தார். விளிம்பில் இருந்த எண்ணை உதடசைத்துப் படித்தார். அவனைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"மொத நா சாயங்காலம்..."

தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். தொப்பியை மாட்டினார். வாசலில் நின்ற ஜீப்பில் ஆட்கள் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். சுருட்ட வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

அவள் சன்னலருகே நின்று பார்த்தாள்.

முதல் நாள் அவர் ஓடித்தான் ஏறி வந்தார்.

இப்போது நடந்தார்.