பாதி ஆயிலைக் காணோம்

மேற்பார்வை இல்லையென்றால் உலகமே நின்றுவிடும் என்பது கிடங்கு மேலாளரின் கொள்கை. அதனால் சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டிக்கு ஹைட்ராலிக் ஆயில் மாற்றும் வேலைக்கும் அவரே வந்து நின்றார்.

"பழைய ஆயில் முழுசும் இறங்கிடுச்சா?"

லாரிகளை மட்டுமே பார்த்துப் பழகிய மெக்கானிக், வண்டிக்கு அடியில் வைத்த பீப்பாயைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார். "டேங்க் காலி சார். ஆனா பீப்பா பாதிதான் நிறைஞ்சிருக்கு. மீதி எங்க போச்சுன்னே புரியல."

"ஒழுகிடுச்சா?"

"தரை காஞ்சு கிடக்கு சார்."

"அப்ப வித்துட்டே."

"அழுக்கு ஆயிலை யாரு சார் வாங்குவாங்க?"

"விளக்கம் வேணாம். மீதி ஆயில் வரணும். இல்லன்னா உனக்கு நாளையிலேர்ந்து வேலை கிடையாது. இதுல நான் இறங்கி வர்றதா இல்ல."

மெக்கானிக் டேங்கைத் தட்டினார். குழாயை உதறினார். ஒரு சொட்டு வரவில்லை. கண் கலங்கிவிட்டது.

டீ குடிக்கப் போயிருந்த ஃபோர்க்லிஃப்ட் டிரைவர் திரும்பி வந்தார். "என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?"

"பாதி ஆயிலைக் காணோம்ப்பா."

டிரைவர் அண்ணாந்து பார்த்தார். மேலிருந்து பார்த்தால்தான் மேற்பார்வை என்று காலையில் டிரைவரிடமே சொல்லித் தன்னை உயரத் தூக்க வைத்த மேலாளர், ஃபோர்க்கின் இரும்புக் கைகள் மேலிருந்த பலகையில் கைகட்டி நின்றிருந்தார்.

"ஃபோர்க் மேல போனா ஆயிலும் டேங்க்லேர்ந்து தூக்குற சிலிண்டருக்குள்ள ஏறிடும்ண்ணே. சாரைத் தூக்கிப் பிடிச்சிருக்கிறதே அந்த ஆயில்தான்."

டிரைவர் லீவரைத் தள்ளினார்.

மேலாளர் இறங்க இறங்கப் பீப்பாய் நிறைந்தது.