வலது காறை எலும்பு

"மூச்சை இழு. புடி. அப்படியே இரு."

ஸ்விட்சை அழுத்தினேன். "விடு" என்று சொல்ல மறந்துபோனேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி ஐவி மூச்சைப் பிடித்தபடியே நின்றாள். நான் ஒன்று சொன்னால் அதை அப்படியே செய்கிறவள்.

பதினைந்து நாளாக இருமல். டாக்டர் நெஞ்சு எக்ஸ்ரே எழுதிக்கொடுத்திருந்தார். வேறெங்கேயும் போகவேண்டாம் என்று, மந்தைவெளியில் நான் வேலை பார்க்கிற ஸ்கேன் சென்டருக்கே வரச்சொன்னேன். வந்து இறங்கியதும், "வா பீச்சாங்கை" என்றுதான் கூப்பிட்டேன். சாப்பாடெல்லாம் வலக்கைதான், எழுதுவது மட்டும் இடக்கை. அதற்கு நான் வைத்த பேர். ஒட்டிக்கொண்டுவிட்டது.

நுரையீரல் சுத்தமாக இருந்தது. அப்பாடா என்று மானிட்டரில் கண்ணை மேலே ஓட்டினேன்.

வலது காறை எலும்பு. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஓடுகிற எலும்பு. அது முறிந்து, ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு ஏறி, அப்படியே கூடிப்போயிருந்தது.

பத்தொன்பது வருஷமாக எலும்பு பார்த்துத்தான் சோறு தின்கிறேன். அப்போதே ஆஸ்பத்திரியில் காட்டி, தோளை இழுத்துக் கட்டுகிற பெல்ட் போட்டிருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது. யாரிடமும் சொல்லாமல், வலியை முழுங்கிக்கொண்டு, தானாகக் கூடவிட்ட எலும்பு இது. எங்கள் வீட்டில் யாருக்கும் எலும்பு முறிந்ததாகக் கேள்விப்பட்டதே இல்லை.

"விடு, போய் உடுப்பு மாத்திக்க" என்று ஐவியிடம் சொன்னேன்.

வெளியே பெஞ்சில் அவள் புருஷன் ஸ்டீவ் உட்கார்ந்திருந்தான். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். முதல் வருஷத்திலேயே ஒரு தடவை ஐவி பையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். 'புருஷன் பொண்டாட்டின்னா அப்படி இப்படித்தான் இருக்கும்' என்று நான்தான் ஆட்டோ ஏற்றி அனுப்பிவைத்தேன், பெரிய மனுஷன் மாதிரி. ஏறும்போது அவள் துப்பட்டாவை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டது இப்போது ஞாபகம் வந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு போய் ஸ்டீவ் சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். மேல் பட்டன் தெறித்து பெஞ்சுக்கு அடியில் ஓடியது. காத்திருந்த நாலு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"எலும்ப ஒடச்சிட்டு, இருமலுக்கா கூட்டிக்கினு வந்துகீற?"

அவன் என் கையைத் தட்டிவிடவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அந்தத் தோள்பட்டப் பொடைப்பா மச்சான்? கல்யாணமான மறுநாளே பாத்துட்டேன். கேட்டா, சின்ன வயசுல உழுந்தேன்னு சொல்லிச்சு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

பிடி தளர்ந்தது. சின்ன வயசிலா? எங்கள் வீட்டிலா? அப்பா ஸ்கூல் வாத்தியார், ஆனாலும் எங்கள் மேல் கை வைத்ததில்லை. அம்மா, போன வருஷம் போய்ச் சேர்ந்தவள், சத்தம் போட்டே நான் கேட்டதில்லை. அப்போ எந்தப் பாவி?

ஐவி உடுப்பு மாற்றிக்கொண்டு வந்தாள். புருஷன் சட்டையைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள். கவுன்டரில் அஸ்வினி ரெஜிஸ்டரை நீட்ட, குனிந்து கையெழுத்துப் போட்டாள்.

நடந்த கூத்தை மறக்கடிக்க நினைத்தாளோ என்னவோ, அஸ்வினி பேச்சுக் கொடுத்தாள்.

"லெஃப்ட் ஹேண்டா மேடம்? பொறந்ததுலேர்ந்தா?"

"இல்லம்மா. ஆறாவது அரைப்பரீட்சைலேர்ந்து."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

அந்த டிசம்பர். பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டு மொட்டைமாடி. நான் ஒன்பதாவது. ஒரு நிமிஷம் பிடித்துக்கொள் என்று கொடுத்த நூலை அவள் கைதவறி விட்டுவிட்டாள். என் மஞ்சள் காத்தாடி கடல் பக்கம் போய்விட்டது. தண்ணீர் டேங்க் மேல் என் பக்கத்தில் நின்றிருந்தவளை அப்படியே பிடித்துத் தள்ளினேன்.

கீழே மாடித்தளத்தில் விழுந்தவள் எழுந்து உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். நான் காத்தாடி போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் இறங்கிப் போய், முகத்துக்கு நேரே விரலை ஆட்டி, 'அம்மாகிட்ட சொன்னே, கொன்னுடுவேன்' என்றேன்.

அத்தோடு மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துவிட்டேன். அடுத்த வாரம் பரீட்சைக்காக இடக்கையில் எழுதிப் பழகிக்கொண்டிருந்தவளைப் பார்த்துச் சிரித்தது நான்தான், பேர் வைத்ததும் நான்தான். கல்யாண கவுனுக்குக் கழுத்துவரைக்கும் லேஸ் வைத்துத் தைக்கச் சொன்னாள். 'இன்னா, கன்னியாஸ்திரீ ஆகப்போறியா' என்று அதற்கும் கிண்டலடித்தேன்.

"செயின்ணா" என்று கை நீட்டினாள். படம் எடுக்கும்போது கழற்றி என்னிடம் கொடுத்த செயின் என் சட்டைப்பையில் இருந்தது.

நீட்டியது இடது கை. மற்ற நாளாக இருந்தால் அந்தக் கையைத் தட்டிவிட்டு, சோத்துக்கையால் வாங்கு என்றிருப்பேன்.

எடுத்தேன். செயின் பையிலிருந்த பேனாவில் சுற்றிக்கொண்டு வரமாட்டேனென்றது. அவளே பிரித்து எடுத்துக்கொண்டாள்.

"அம்மாகிட்ட கடைசி வரைக்கும் சொல்லலண்ணா" என்றாள்.