அரசாங்கச் செலவில்

மகளின் பட்டமளிப்பு விழாவுக்காக லைல் ஹட்சின்ஸ் பூங்கொத்து வாங்கினார்.

"காலேஜுக்கு ரொம்பச் செலவாயிருக்குமே?" என்றாள் கடைக்காரி.

"எனக்கு ஒரு காசுகூட ஆகல. எல்லாம் அரசாங்கச் செலவு."

அவள் முகம் மாறியது. "அப்போ என் வரிப்பணமும்தான் அதுல இருக்கு. என் பையனுக்கு யாரும் தரலையே. அவன் லாரியில மூட்டை ஏத்துறான்."

லைலுக்குக் கோபம் வரவில்லை. அவரும் அப்படிப் பேசியவர்தான். உள்ளூர்க் கல்லூரியை இலவசமாக்க வரி போடலாமா என்று ஓஹியோவில் அவர் மாவட்டத்தில் வாக்கெடுப்பு வந்தபோது, "அடுத்தவன் பிள்ளை படிக்க நான் எதுக்குத் தண்டம் அழணும்?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். வரி தோற்றது. நர்ஸ் படிப்பில் சேர்ந்திருந்த மகள் டெஸ்ஸா, பணம் கட்ட முடியாமல் பாதியில் நின்று, ஒரு மதுக்கூடத்தில் வேலைக்குப் போனாள்.

"இப்ப மட்டும் எப்படி ஓசியில கிடைச்சுது?" கடைக்காரி விடவில்லை.

லைல் பூங்கொத்தை எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்.

வாசலில் காவலர் பூங்கொத்தை வாங்கி வைத்துக்கொண்டார். லைலின் உடம்பைத் தடவிச் சோதித்த பிறகுதான் இரும்புக் கதவைத் திறந்தார்.

மதுக்கூடத்தில் பழகியவனோடு சேர்ந்து டெஸ்ஸா ஒரு மருந்துக்கடையைக் கொள்ளையடிக்கப் போனாள். அதில் கடைக்காரர் செத்துப்போனார்.

கறுப்பு அங்கிக்குள் சிறைச் சீருடை தெரிய, அவள் பட்டத்தோடு வந்து நின்றாள்.

"அடுத்து என்னம்மா?" என்றார் லைல்.

"எம்.ஏ. சேரச் சொல்றாங்கப்பா. அதுக்கும் அவங்களே கட்டிடுவாங்களாம்," என்றாள். "இன்னும் பதினோரு வருஷம் இருக்கே."