சுவரில் தொங்கிய ரைபிள்

ராசிங்காபுரத்திலிருந்து போடிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார் பெண்ணின் அப்பா ராக்கையா. நுழைந்ததுமே சுவரில் தொங்கிய வேட்டை ரைபிள்தான் கண்ணில் பட்டது.

“எங்க தாத்தா ஏலமலையில பன்னி சுட்டது,” என்று மீசையைத் தடவினார் மாப்பிள்ளையின் அப்பா பெரியகருப்பன். “சர்க்கார் வேட்டையைத் தடுத்ததுல இருந்து சும்மா தொங்குது.”

ராக்கையா பக்கத்தில் போய்ப் பார்த்தார். துப்பாக்கியின் மரக்கட்டையில் பிறை மாதிரி ஒரு வெட்டு. அதை விரலால் தடவிப் பார்த்தவர், சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

“என்ன சம்பந்தி, அப்பிடிப் பாக்குறீக?”

“பரம்பரைச் சொத்துன்னா சும்மாவா! வர்ற முகூர்த்தத்துல பூ வச்சுருவோம்,” என்று வெரசாகக் கிளம்பியவர், கடைத்தெருவில் கோட்டைச்சாமியின் துப்பாக்கிக் கடையில் போய்த்தான் நின்றார்.

“ஏம்ப்பா, மாப்பிள்ளை வீட்டுக்காரவுக பொண்ணு பாக்க வந்தப்ப எனக்கு வாடகைக்குக் குடுத்த ரைபிளையே அவுகளுக்கும் குடுத்திருக்கியே! வேற இல்லையா?”

“கடை நிறைய கெடக்குண்ணே. இப்பல்லாம் காட்டுக்கு எவன் கேக்குறான், சுவத்துக்குத்தான் கேக்குறாக. ஆனா அவரு, ‘பொண்ணு வீட்டுல ஒண்ணு பாத்தேன், அச்சு அசல் அதே மாதிரி வேணும்’னு ஒத்தக்கால்ல நின்னாரு. அதே மாதிரிக்கு நான் எங்க போவேன்? அதையே குடுத்துட்டேன்.”