சீனி போடாத தே

அண்ணனை லோரி ஏற்றிக் கொன்ற தோட்டத்துக் கங்காணி, மண்டோர், தன்மேல் சந்தேகப்படக் கூடாதென்று ரெய்மண்ட் ஆறு மாதமாகப் பைத்தியம்போல் நடித்தான். தினமும் காலையில் தோட்டத்துக் கடையில் சீனி தூக்கலாக இரண்டு குவளை தே சொல்வான். எதிரே காலி நாற்காலியோடு பேசிச் சிரிப்பான். பக்கத்து மேசையில் மண்டோர் நிம்மதியாகப் பசியாறுவார்.

இன்று பையில் பாராங் கத்தி இருந்தது. இனி நடிப்பு தேவையில்லை. "ஒரு தே போதுங்கக்கா" என்றான்.

போன மாதம்தான் கடையை எடுத்த மாடில்டா இரண்டு குவளைகளைக் கொண்டுவந்து வைத்தாள். "ஒங்கண்ணன் கேட்டாரு லா. சீனி வேணாமாம்."

அண்ணன் சீனி தொடாதவன் என்பது அவளுக்குத் தெரிய வழியில்லை. நடிப்பு எப்போது நிஜப் பைத்தியமாகிப்போனதோ என்று ரெய்மண்ட் பயந்தான். வேறு யாருக்காவது கேட்டதா என்று திரும்பினான்.

வாயருகே கொண்டுபோன ரொட்டியை அப்படியே பிடித்தபடி, மண்டோர் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.