நான்காம் நாள் துடிப்பு

நுண்ணோக்கியின் வெளிச்சத்தில், கண்ணாடித் தட்டில் அரிசி நீளத் தலைப்பிரட்டை ஒன்று ஒருக்களித்துக் கிடக்கிறது. இதயத்தை இயக்கும் மரபணுவை முட்டையிலேயே ஊசிபோட்டு அடக்கிய தலைப்பிரட்டை. அதன் மார்பு துடிக்கிறது. “அக்கா, இதைப் பாருங்களேன்” என்கிறாள் ஆய்வாளர்கள் இருவரில் இளையவள். “தட்டை மாத்தி எடுத்திருப்பே, மறதிக்காரி” என்கிறாள் மூத்தவள். “ஊசியில கலந்த சிவப்புச் சாயம் தெரியுதேக்கா.” மூத்தவள் குனிகிறாள். சாயம் தெரிகிறது. தட்டின் மேல் தேதி இருக்கிறது. நேற்றே கொட்டியிருக்க வேண்டியது. “மூணு வருஷமா மூணாம் நாளே கொட்டிட்டோமேடி. ஒருநாள் பொறுத்திருந்தா தெரிஞ்சிருக்குமே.” “அந்த மரபணு இல்லாட்டி இதயம் துடிக்கவே துடிக்காதுன்னு கட்டுரை எழுதிக் கொடுத்தோமே?” “நாளைக்கு அச்சுக்குப் போகுது.” குளிர்ப்பெட்டி உறுமுகிறது. “பதிப்பாசிரியருக்குச் சொல்லிடலாமாக்கா?” இளையவள் தொலைபேசியை நீட்டுகிறாள். மூத்தவள் அதை வாங்கவில்லை. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கழிவுத்தொட்டியையே பார்த்து நிற்கிறாள்.